காவிரிப் படுகையின் நிலவடுக்கு: நீரும் எரிவளியும்

காவிரியாற்றின் நீரைப் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் பல. அவ்வாற்றின் கழிமுக நிலத்துக்கு அடியில் நிற்கும் நீரைப் பற்றியும், அதனினும் ஆழத்தே தங்கிய எரிவளியைப் பற்றியும் தமிழில் எழுந்தவை சிலவே. ஆயினும் அண்மைக்காலத்தே இவ்விரண்டும் ஊர்தோறும் பேசப்படும் பொருள்களாயின. மீத்தேன், ஐதரோகார்பன் என்னும் அயற்சொற்கள் கழனியிலும் களத்துமேட்டிலும் வழங்கலாயின. ஒரு சொல் நாவில் வழங்குவது வேறு, அது குறிக்கும் பொருள் உள்ளத்தில் தெளிவது வேறு. நிலத்துக்கு அடியில் நீர் எவ்வாறு நிற்கின்றது, எரிவளி எவ்வாறு தங்குகின்றது, ஒன்றை எடுப்பது மற்றொன்றை எப்பொழுது தாக்கும், எப்பொழுது தாக்காது என்பவற்றைக் காவிரிப் படுகையையே சான்றாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படுகை என்னும் சொல்

படுகை என்பது படு என்னும் வினையடியாகப் பிறந்த சொல். ஆறு கொணர்ந்த வண்டல் படிந்த கரைநிலத்தை உழவர் படுகை என்பர். நிலநூலார் இச்சொல்லை இருவேறு பொருளில் ஆளுகின்றனர். அவ்வேறுபாட்டை முதற்கண் உணர்ந்து கொள்ளாக்கால், பின்வருவன யாவும் மயக்கத்துக்கு இடமாகும்.

மழைநீர் வழிந்து ஓர் ஆற்றிற் சென்று சேரும் நிலப்பரப்பு முழுவதும் அவ்வாற்றின் படுகை எனப்படும். இதனை வடிநிலம் என்றலும் உண்டு. காவிரியின் வடிநிலம் குடகில் தலைக்காவிரியில் தொடங்கிக் கருநாடகம், கேரளம், தமிழ்நாடு, காரைக்கால் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 81,000 சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது. இது மேற்பரப்பு நோக்கிய வழக்கு.

இரண்டாவது, பாறைநிலம் தாழ்ந்து குழிந்த இடத்தில் பல கோடி ஆண்டுகளாகப் படிவுகள் நிறைந்து உண்டான பள்ளத்தைக் குறிப்பது. இதனைப் படிவுப் படுகை எனலாம். காவிரிப் படிவுப் படுகை புதுச்சேரியை அடுத்துத் தொடங்கிக் கடலூர், அரியலூர், தஞ்சை, நாகை, புதுக்கோட்டை வழியாக இராமநாதபுரம் வரை நீண்டு, பாக்கு நீரிணையின் அடியிலும் பரவியுள்ளது. தலைக்காவிரிக்கும் இதற்கும் இயைபு இல்லை. காவிரி நீர் ஒரு துளியும் பாயாத இராமநாதபுரத்து வழுதூரில் எரிவளி கொண்டு மின்னாக்கும் நிலையம் ஒன்று உள்ளது. வைகை பாயும் அந்நாட்டு வளியையும் நிலநூலார் காவிரிப் படுகையின் வளி என்றே எழுதுவர். அங்ஙனம் எழுதுதல் பிழையன்று. அவர் கருதியது ஆற்றையன்று, பள்ளத்தையே.

2. பள்ளமும் படிவும்

தமிழகத்தின் பெரும்பகுதி மிகத் தொன்மையான படிகப் பாறைகளால் ஆயது. நைசு, சார்னோக்கைட்டு என்னும் அப்பாறைகளில் தொல்லுயிர்ச் சுவடுகள் காணப்படா. கிழக்குக் கரையோரத்தில் மட்டும் அப்பாறைகள் ஆழத்தே மறைந்து, அவற்றின்மேல் இளைய படிவுகள் கிடக்கின்றன.

தென்னிந்தியா, அண்டார்ட்டிக்கா, இலங்கை முதலியன ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் இருந்தன. அப்பெருநிலம் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிளவுறலாயிற்று. பிளவின் விளிம்பில் நிலம் வடகிழக்கு தென்மேற்காக வெடித்து, சில பகுதிகள் தாழ்ந்தன; சில உயர்ந்து நின்றன. தாழ்ந்தவை அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் முதலிய பெயர்களாலும், உயர்ந்து நின்றவை கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு முதலிய பெயர்களாலும் வழங்குகின்றன. இம்மேடுகள் கண்ணுக்குப் புலனாகா. மேலே நின்று நோக்குவார்க்கு நெல்வயல் சமனாகவே தோன்றும். அவ்வயலின் அடியிலோ ஓரிடத்தில் படிகப் பாறை மிக ஆழமின்றியும், அடுத்த பள்ளத்தில் ஐந்தாயிரம் மீட்டருக்கும் கீழேயும் கிடக்கின்றது. மருதம் என்று நாம் ஒரு சொல்லால் வழங்கும் நிலம் அடிநோக்கிப் பலவாய்ப் பிரிந்து கிடக்கின்றது என்க.

இப்பள்ளங்களில் முதலில் ஆறுகளும் ஏரிகளும் மணலும் சேறும் நிரப்பின. பின்னர்க் கடல் உட்புகுந்தது. அக்கடலின் மேற்குக் கரையே இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மேற்பரப்பிலேயே காணக் கிடைக்கின்றது. அங்குக் கிடைத்த தொல்லுயிர்ச் சுவடுகளை எட்வர்டு ஃபோர்பிசு என்பார் 1846இல் ஆராய்ந்து வெளியிட்டார். அந்நிலப்பகுதியை முறையாக அளந்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனப் படிவுகளை வகுத்தவர் பிளான்ஃபோர்டு. அவர்தம் நூல் 1862இல் வெளிவந்தது. காரையின் களிமண் ஓடைகளில் சுருள் வடிவினவாகிய அம்மோனைட்டு ஓடுகளும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும், கல்லக்குடியில் சுண்ணப்பாறையும் அக்கடலின் எச்சங்களாய் நிற்கின்றன. சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் அறிவித்தவர் நிலநூலறிஞர் எம். எசு. கிருட்டிணன் ஆவர்.

அரியலூரில் மேலே தோன்றும் இப்படிவுகளின் காலத்தனவே, கிழக்கே செல்லச் செல்ல ஆழத்தில் இறங்கிக் கழிமுக நிலத்தின் அடியிற் கிடக்கின்றன. ஆழ்துளைகளால் அறியப்பட்ட அவ்வடுக்குகளுக்கு நிலநூலார் இட்ட பெயர்கள் தமிழ் மாணவர் கருத்தைக் கவர்வனவாகும். அடியிலிருந்து மேலாக ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி என்பன அவற்றுட் சில. உலகெங்கும் நிலநூற் கட்டுரைகளில் நம் சிற்றூர்ப் பெயர்கள் இவ்வாறு ஆளப்படுகின்றன. ஓரடுக்கு முதன்முதல் நன்கு வெளிப்பட்ட இடத்தின் பெயராலேயே அதனை வழங்குதல் அந்நூலார் மரபு.

3. நீர் நிற்கும் வகை

நிலத்தடி நீர் என்றவுடன் ஓர் ஆறு ஓடுவதாகவோ, ஒரு குளம் தேங்கி நிற்பதாகவோ கருதுதல் உலக வழக்கு. பாதாளகங்கை என்னும் தொடர் இக்கருத்தின் வழிப்பட்டது. சுண்ணப்பாறைக் குகைகளில் அங்ஙனம் ஓடுதலும் உண்டு. ஆயின் காவிரிப் படுகையின் நீர் மணலின் பரல்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நிற்பது.

இங்கு இரு பண்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். பாறையின் உள்ளே எத்துணை இடைவெளி உண்டு என்பது ஒன்று. அதனைப் புரைமை எனலாம். அவ்விடைவெளிகளின் வழியே நீர் எத்துணை எளிதிற் செல்லும் என்பது மற்றொன்று. அதனைக் கசிவுமை எனலாம். களிமண்ணின் புரைமை மணலினும் மிகுதி. ஆயின் அதன் துளைகள் மிகச் சிறியன ஆதலின் கசிவுமை மிகக் குறைவு. எனவே களிமண் நீரைக் கொள்ளும், கொடாது. மணல் கொள்ளவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். எளிதாக நீரைக் கொள்ளும், கொடுக்கும் அடுக்கையே நீர்கொள் படுகை என்கின்றோம்.

மேலே களிமண் மூடாத மணலடுக்கு திறந்த நீர்ப்படுகையாகும். மழை பெய்தால் அதன் நீர்மட்டம் உயரும், கோடையில் தாழும். ஆற்றுமணலில் தோண்டும் ஊற்றும், தோட்டந்துரவு என்னும் வழக்கிலுள்ள துரவும் இவ்வகையின. திருக்குறள் கல்விக்கு உவமையாகக் கொண்ட மணற்கேணியும் இதுவே. தோண்டிய குழியை நோக்கிச் சுற்றிலுமுள்ள மணலின் நீர் வந்து நிறைதல் அதன் இயல்பு.

மேலும் கீழும் களிமண் அடைத்த மணலடுக்கு அடைபட்ட நீர்ப்படுகையாகும். இது மேட்டுப்பாங்கான இடத்தில் வெளிப்பட்டு மழைநீரை உண்டு, சரிந்து இறங்கிக் களிமண்ணின் கீழே செல்லும். மேட்டில் நிற்கும் நீரின் சுமை முழுவதும் தாழ்விடத்து நீரை அழுத்தும். அங்கே துளையிட்டால் நீர் துளைக்குள் தானே ஏறும். சிற்சில இடங்களில் நிலத்துக்கு மேலும் பொங்கும். பிரெஞ்சு நாட்டு ஆர்த்துவா என்னும் பகுதியின் பெயரால் இதனை ஆர்ட்டீசியன் கிணறு என்பர். பொங்கு கிணறு எனத் தமிழிற் கூறலாம். புதுச்சேரியின் பொங்கு கிணறுகளைப் பற்றி வில்லியம் கிங்கு என்னும் நிலநூலார் 1880இலேயே எழுதியுள்ளார்.

கடலூர் மணற்பாறை என்பது இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பண்ணுருட்டியின் முந்திரித் தோப்புகள் நிற்கும் செம்மண் மேடும், வல்லத்தின் செம்மண் மேடும் இப்பாறையின் வெளிப்பாடுகள். வெளிப்பட்ட இடங்களில் மழைநீரை உண்டு கடல் நோக்கிச் சரிகின்ற இப்பாறை, நெய்வேலியை அடையும்பொழுது அடைபட்ட நீர்ப்படுகையாய் மாறுகின்றது. இந்நீரின் அகவையைக் கரிமக் கதிரியக்கத்தால் அளந்தவர்கள், வெளிப்படும் இடத்திலிருந்து கடலை நெருங்க நெருங்க அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெருகுதலைக் கண்டனர். நாம் இன்று இறைக்கும் ஆழ்நீரின் ஒரு பகுதி நம் இலக்கியங்கள் தோன்றுமுன் பெய்த மழையென்று கருதுக. அதனை எடுப்பது ஒரு நாட் செயல். அஃது ஈடாவது பல நூற்றாண்டுச் செயல்.

4. நெய்வேலி காட்டும் உண்மை

நெய்வேலியில் 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு எடுத்தபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1956இல் நிறுவனம் அமைந்தது; 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினர்; 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது.

இடையில் நேர்ந்த பெரும் இடர் கரியின் கீழே இருந்த நீரேயாகும். கரியடுக்கின் அடியிலுள்ள மணற்பாறையின் நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகின்றது. பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் சுமை தரும். எனவே 60 முதல் 80 மீட்டர் வரை நீரை உயர்த்தவல்ல அழுத்தம் கரியின் அடியில் நிற்கின்றது என்பது போதரும். மேலுள்ள மண்ணை அகற்றும்வரை அம்மண்ணின் சுமை இவ்வுந்துதலைத் தாங்கியது. மண்ணை அகற்றியபின் தாங்குவார் இல்லை. நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடின் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பீறிடும். ஆதலின் அங்கே இராப்பகல் ஓயாது நீர் இறைக்கப்படுகின்றது. அந்நீர் அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் பயன்படுதல் உண்மையே. ஆயினும் இறைக்கும் இடத்தைச் சூழ்ந்த பரந்த நிலத்தில் ஆழ்நீரின் அழுத்தமும் உடன் தாழ்தல் இயற்கை. அடைபட்ட படுகையில் ஓரிடத்து அழுத்தம் குறைந்தால் அக்குறைவு நெடுந்தொலைவு பரவும். நெய்வேலி காட்டும் இவ்வுண்மையை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

5. எரிவளி தங்கும் வகை

சேற்றோடு புதைந்த நுண்ணுயிர், செடிகொடி ஆகியவற்றின் எச்சங்கள் ஆழத்தின் வெம்மையால் மாறுதலுற்று எண்ணெயும் வளியுமாகின்றன. ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை வெம்மையில் எண்ணெய் மிகுதியாகவும், அதனினும் மிக்க வெம்மையில் வளி மிகுதியாகவும் தோன்றும். அவை தோன்றிய களிப்பாறையைத் தாய்ப்பாறை எனலாம். ஆண்டிமடம், சத்தப்பாடி அடுக்குகளின் களிப்பாறைகள் இப்படுகையின் முதன்மையான தாய்ப்பாறைகள்.

தோன்றிய வளி நீரினும் இலேசானது ஆதலின் துளைகளின் வழியே மேலேறும். தடையின்றி ஏறினால் காற்றிற் கலந்து மறையும். கசிவுமை அற்ற களிப்பாறை ஒன்று மேலே கவிந்திருந்தால் அங்கே தடைப்பட்டு நிற்கும். நிற்கும் மணற்பாறையைக் கொள்பாறை என்றும், கவிந்திருப்பதைக் கவிபாறை என்றும், வளி தப்பாதவாறு வளைந்தோ முறிந்தோ அமைந்த அமைப்பைப் பொறி என்றும் வழங்கலாம். ஒரு கருத்தை ஈண்டு வற்புறுத்துதல் இன்றியமையாதது. கொள்பாறையும் ஒரு நீர்கொள் படுகையே. அதன் துளைகளில் பெரும்பாலும் தொன்மையான உவர்நீர் நிற்கும். உச்சிப் பகுதியில் மட்டும் வளி அந்நீரைக் கீழே தள்ளி இடம்பெற்றிருக்கும். எனவே எரிவளி ஏரி என்று ஒன்று நிலத்தடியில் இல்லை.

இப்படுகையில் 1964இல் முதல் ஆழ்துளை இடப்பெற்றது. நெடுநாள் முயற்சிக்குப் பின் 1985இல் நரிமணத்தில் வணிகத்துக்குரிய அளவில் எண்ணெயும் வளியும் கிடைத்தன. பின்னர்க் கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் முதலிய இடங்களிலும் கிடைத்தன. மாதானத்தில் வெடிப்புற்ற படிகப் பாறையினுள்ளேயே எண்ணெய் கண்டனர். குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் இவ்வளி கொண்டு மின்னாக்கும் நிலையங்கள் எழுந்தன.

இவை பெரும்பாலும் ஓராயிரம் மீட்டருக்கும் மிக்க ஆழத்தில் கிடப்பன. உழவர் கிணறுகளோ சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை செல்வன. இடையே தடித்த களிப்பாறைகள் பல உள. ஆதலின் ஆழத்து வளியை எடுத்தல் தன்னளவில் மேல்நீரை வற்றச் செய்வதில்லை. இடர் வேறு வழியில் வரும். துளை எல்லா அடுக்குகளையும் ஊடறுத்துச் செல்வது. அதனுள் இறக்கிய எஃகுக் குழாயும் அதனைச் சுற்றி இட்ட சிமிட்டியும் பழுதுற்றால், ஆழத்து உவர்நீரும் வளியும் நன்னீர் அடுக்கில் ஏறும். வளியோடு வெளிவரும் உவர்நீரை முறையாக அகற்றாவிடின் வயல் கெடும். மேற்பரப்புக் குழாய்கள் அரிப்புற்றுக் கசிதலும் உண்டு. 2017இல் கதிராமங்கலத்தில் நேர்ந்தது இதுவே.

6. கரியில் ஒட்டிய வளி

மன்னார்குடியைச் சூழ்ந்த நிலத்தின் அடியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. நெய்வேலிக் கரியினும் ஆழத்தே கிடக்கின்ற அதனில் மீத்தேன் உள்ளது. இம்மீத்தேன் கவிபாறையின் கீழ் அடைபட்டு நிற்பதன்று; கரியின் நுண்பரப்புகளில் ஒட்டி நிற்பது. ஒட்டி நிற்கச் செய்வது நீரின் அழுத்தம். அவ்வழுத்தத்தைக் குறைத்தால்தான் வளி விடுபடும். குறைப்பதற்கு வழி நீரை இறைத்தலே. ஆழத்து வளியை எடுப்பார்க்கு நீர் வேண்டாத உடன்வரவு. கரிவளியை எடுப்பார்க்கு நீரை அகற்றுதலே முதற்செயல். நெய்வேலியில் தரை வெடியாமைப் பொருட்டுச் செய்வதனை இங்கே வளி விடுபடற் பொருட்டுச் செய்தல் வேண்டும்.

கடலை ஒட்டிய தாழ்நிலத்தில் இதன் விளைவு பெரிது. நன்னீர் உவர்நீரினும் சற்றே இலேசானது. கரையோரத்து மணலில் அது கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன், எர்சுபெர்கு என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி. மறுதலையாக, மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் 40 மீட்டர் ஏற இடமுண்டு. திருவாரூர், நாகை மாவட்டங்களின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்தது. வேதாரணியம் முதலிய கரையோரங்களில் உவர்நீர் முன்னரே நிலைபெற்றுள்ளது. எனவே இங்கே நீரை இறைத்தல் எங்கும் இறைத்தல் போன்றதன்று.

மன்னார்குடிப் பகுதியில் கரிவளி எடுக்க 2010இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உழவர் எதிர்த்தனர், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அவ்வெதிர்ப்பின் பரப்புரையில் ஈடுபட்டிருந்தபோதே 2013 திசம்பரில் மறைந்தார். தமிழக அரசு வல்லுநர் குழுவை அமைத்து ஆராய்ந்து, 2015இல் அத்திட்டத்துக்கு இசைவு மறுத்தது. 2020இல் இயற்றப்பெற்ற வேளாண் மண்டலச் சட்டம், கழிமுக மாவட்டங்களில் எண்ணெய், வளி, கரிவளி ஆகியவற்றைப் புதிதாகத் தேடுதலையும் எடுத்தலையும் விலக்கிற்று. முன்னரே நடைபெற்று வந்தவற்றை விலக்கவில்லை.

7. சொல்லும் பொருளும்

2017இல் நெடுவாசல் மக்கள் போராடியபோது ஐதரோகார்பன் என்னும் சொல் நாடெங்கும் பரவியது. மீத்தேன் வேறு, ஐதரோகார்பன் வேறு என்று சிலர் வாதிட்டனர். இரண்டும் ஒன்றே என்று சிலர் வாதிட்டனர். மீத்தேன் ஐதரோகார்பன் என்னும் பேரினத்தின் ஓர் உறுப்பு. ஆதலின் இரு சாராரும் ஒருவகையில் உண்மையே கூறினர். வேறுபாடு வளியின் பெயரில் இல்லை. அது தங்கியிருக்கும் வகையில் உள்ளது. ஆழத்துக் கொள்பாறையில் நின்றாலும் கரியில் ஒட்டியிருந்தாலும் மீத்தேன் மீத்தேனே. ஆயின் அதனை எடுக்கும் செயல் நீருக்கு இழைப்பது இரண்டிடத்தும் ஒன்றன்று.

மக்கள் இவ்விரண்டையும் பிரித்தறியவில்லை என்று குறை கூறுவார் உளர். யாம் அதற்கு உடன்படோம். நடுவணரசு 2016இல் வகுத்த உரிமக் கொள்கையே எவ்வகை ஐதரோகார்பனையும் ஒரே உரிமத்தின்கீழ் எடுக்க இசைந்தது. சட்டத்தின் சொல்லே வகைகளை ஒன்றாக்கியபின், உழவன் அவற்றை ஒன்றாகக் கண்டு அஞ்சியது அறியாமையாகாது. சொல்லை நேர்பொருளில் கொண்டதேயாகும். நீரை இறைத்து எடுக்கும் வளிக்கு ஒரு பெயரும், இறைக்காது எடுக்கும் வளிக்கு வேறு பெயரும் அரசின் ஏட்டிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றிருப்பின், வாதம் தொடக்கத்திலேயே தெளிவுற்றிருக்கும்.

ஆதலின் ஆழத்துக் கொள்பாறையில் தங்கியதனைப் பொறிவளி என்றும், கரியில் ஒட்டியதனைக் கரிவளி என்றும், கசிவுமையற்ற களிப்பாறையை வெடிக்கச் செய்து எடுப்பதனைக் களிப்பாறை வளி என்றும் வழங்கலாம் என்பது எம் கருத்து. இவற்றினும் ஏற்ற சொற்கள் கிடைப்பின் அவற்றையே கொள்க. வேண்டுவது மூன்று பொருளுக்கு மூன்று சொல் என்பதே. ஊர்மன்றில் ஒரு திட்டம் பற்றிக் கருத்துக் கேட்கப்படும்பொழுது, எவ்வளி, எவ்வடுக்கில், எத்துணை ஆழத்தில், எத்துணை நீரை இறைத்து என்னும் நான்கு வினாக்களைத் தமிழிலேயே எழுப்பவும் தமிழிலேயே விடை பெறவும் உழவர்க்கு இயலுதல் வேண்டும். அதற்குரிய சொற்களை ஆக்கித் தருதல் நிலநூலார் கடன் மட்டுமன்று. தமிழ் பயில்வார் கடனும் ஆகும்.